காரணம் சொல்லத் தெரியாதவன்

“வலது பக்கம் தூக்கு! இடது பக்கம் தாழ்த்து! அப்படியே நில்!”

மாப்பிள்ளை போட்ட அதட்டலில் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டிருந்தவர்கள் மட்டுமல்ல, மேல்மாடியிலிருந்து குப்பை வாளியோடு இறங்கிக்கொண்டிருந்த பெண்மணியும், கீழே வண்டிக்குப் பக்கத்தில் போன் பேசிக்கொண்டிருந்த ஆம்புலன்ஸ் டிரைவரும்கூட நின்றுவிட்டார்கள். டிரைவர் பேச்சையும் நிறுத்திவிட்டார்.

மாடிப்படி திரும்புகிற இடம் அது. கட்டடம் கட்டியவருக்கு, மனிதர்கள் நடந்து ஏறுவார்கள், நடந்தே இறங்குவார்கள் என்ற நம்பிக்கை இருந்திருக்க வேண்டும். படுத்துக்கொண்டு ஏறுகிறவர்களை அவர் கணக்கில் எடுக்கவில்லை. லிஃப்ட்டும் கிடையாது. மாமாவோ நல்ல உடம்போடு இருந்தபோதே இந்தத் திருப்பத்தில் பக்கவாட்டில் திரும்பித்தான் ஏறுவார்.

“மிலிட்டரி, கொஞ்சம் மெதுவா சொல்லுங்க,” என்றார் கால்மாட்டைப் பிடித்திருந்த மருந்துக்கடைக்காரர், மூச்சு வாங்கியபடி. “நான் பட்டாளத்துல எல்லாம் இருந்ததில்ல. கீழ கடையிலதான் இருக்கேன்.”

“ஸாரி சார்,” என்றான் மாப்பிள்ளை.

அவன் தலைமாட்டைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக ஏறிக்கொண்டிருந்தான். மாமாவின் முகம் அவன் முகத்துக்கு நேர் கீழே இருந்தது. இந்த மாதிரி ஒரு விஷயம் மாட்டினால் மாமா அதை வைத்து ஒரு மாதம் ஓட்டுவார். அவன் ஒரு கணம் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தான். எதற்குக் காத்திருக்கிறோம் என்பது பிறகுதான் உறைத்தது.

“தூக்கலாம்,” என்றான், இந்த முறை மெதுவாக.

மாமா போனது காலையில், ஆஸ்பத்திரியில். நெஞ்சு வலி என்று போய்ப் படுத்தார். தேறிவிட்டார் என்று டாக்டர் சொன்னார். சாப்பாட்டில் உப்பில்லை என்று நர்சோடு சண்டை போட்டு அதில் ஜெயிக்கவும் செய்தார். வீட்டுக்குக் கிளம்பலாம் என்று இருந்த நேரத்தில், பல் தேய்க்க எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு மாப்பிள்ளைக்கு நிற்க நேரமில்லை. ஆஸ்பத்திரி பில், வண்டி, ஐஸ் பெட்டி, நாற்காலி, தெருவில் நிழலுக்கு ஒரு தார்ப்பாய். சாவுச் செய்தி சொல்கிற வேலை மட்டும் அவனுக்கு வரவில்லை. அதை அவன் மனைவி பார்த்துக்கொண்டாள். “அப்பா போயிட்டாரு பெரியப்பா,” “அப்பா போயிட்டாரு சித்தி” என்று போனில் ஒவ்வொருவரிடமும் புதிதாக அழுதாள். அவள் அழும்போதெல்லாம் அவன் அடுத்த வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான்.

மாமாவின் ஒரே மகன், அதாவது மச்சான், தூரத்தில் வேலையில் இருந்தான். விமானம் பிடித்து ராத்திரிதான் வந்து சேருவான். அதனால் எடுப்பது நாளைக் காலையில் என்று முடிவாயிற்று. ஹாலில் சோபாவைச் சுவரோடு ஒட்டித் தள்ளி, ஐஸ் பெட்டியை நடுவில் வைத்து, ஓடுகிறதா என்று மோட்டாரின் மேல் கை வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது, மனைவி அவனைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள்.

“என்னங்க, இன்னைக்கு நாலு மணி.”

“தெரியும்.”

“வேற நாள் தரச் சொல்லி போன் பண்ணிக் கேளுங்களேன்.”

“இன்னைக்கு மட்டும்தான்னு சொல்லியிருக்காங்க.”

“காரணம் இருக்குல்ல? அதச் சொல்லுங்க.”

மாப்பிள்ளை குழாயைப் பார்த்தான். அது சொட்டிக்கொண்டிருந்தது. அதை இறுக்கி மூடினான்.

“சொல்ல மாட்டீங்க,” என்றாள் மனைவி. “எனக்குத் தெரியும்.”

அந்தக் காரணம் என்ற சங்கதியைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

அவன் பட்டாளத்தில் சேர்ந்த புதிதில், காலை ஓட்டத்துக்குத் தாமதமாக வந்த ஒருவன், பூட்ஸ் கடித்துக் கால் வீங்கியிருக்கிறது என்று உள்ளபடியே சொன்னான். பயிற்சி கொடுத்தவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, அந்த வீக்கத்தை மைதானத்துக்குச் சுற்றிக் காட்டிவிட்டு வா என்று அனுப்பினார். துணைக்கு மற்ற எல்லாரையும் அனுப்பினார். சாப்பாட்டு நேரம் முடியும்வரை ஓடினார்கள். அன்றோடு அந்தக் கூட்டத்தில் ஒருவர் வாயிலும் காரணம் என்ற ஒன்று வரவில்லை. ஏன் என்று கேட்டால், ‘தப்பு என்னோடது சார்.’ அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. மேலே இருப்பவர் ஓர் உறுமல் உறுமுவார். விஷயம் அங்கேயே செத்துவிடும். பதினேழு வருடம் இது நன்றாகத்தான் ஓடிற்று.

வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது, இங்கே உறுமலோடு விடுவதில்லை, எழுதி வாங்கிக்கொள்கிறார்கள் என்று.

வந்ததும் ஒரு பார்சல் கம்பெனியில் வேலை கிடைத்தது. ஒரு நாள் மழையில் பாதை அடைத்துக்கொண்டு லாரி வரவில்லை. சரக்கு கெட்டுப்போயிற்று. “யார் தப்பு இது?” என்று மேனேஜர் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். “தப்பு என்னோடது சார்,” என்றான் மாப்பிள்ளை, பழக்க தோஷத்தில், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. மேனேஜர் அவனை வியப்போடு பார்த்தார். இப்படி ஓர் ஆள் கிடைக்க மாட்டானா என்று அந்த மனிதர் எத்தனை வருடமாக ஏங்கிக்கொண்டிருந்தாரோ! கையோடு ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். மறுநாள் முதல் வர வேண்டாம் என்றார்.

அப்புறம் வந்ததெல்லாம் கேட். பட்டாளத்துக்காரன் என்றதும் எல்லாருக்கும் அந்த ஒரு வேலைதான் நினைவுக்கு வந்தது. அடுக்குமாடி கேட், ஸ்கூல் கேட், பேங்க் கேட். கொஞ்ச நாள் ஒரு நகைக்கடை வாசலில் நின்றான். மீசையை முறுக்கிவிடச் சொன்னார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் சல்யூட் அடிக்கச் சொன்னார்கள். நகை வாங்க வந்தவர்கள், விலை கேட்க வந்தவர்கள், வெயிலுக்கு ஏசியில் நிற்க வந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே சல்யூட். ஒரு தடவை மாமாவும் கண்ணாடி மாட்டிக்கொண்டு யாரோ மாதிரி உள்ளே போய், சல்யூட் வாங்கிக்கொண்டு, திரும்பி வெளியே வந்து இன்னொன்றும் வாங்கிக்கொண்டு போனார்.

உண்மையில் அவன் பட்டாளத்தில் பார்த்தது ஸ்டோர் வேலை. மலை உச்சியில் இருக்கிறவர்களுக்கு அரிசி, மண்ணெண்ணெய், மருந்து, சாக்ஸ் எல்லாம் பனி மூடுவதற்குள் போய்ச் சேர வேண்டும். கெடக் கூடாது, குறையக் கூடாது. துப்பாக்கி பிடித்ததைவிட அவன் சாக்ஸ் பிடித்ததுதான் அதிகம். வேலை கேட்டுப் போகிற இடத்தில் இதைச் சொன்னால் எதிரே இருப்பவரின் முகம் விழுந்துவிடும். “அப்ப நீங்க ஒருத்தரையும் சுட்டதே இல்லையா?” என்பார். இல்லை என்றால் ஏமாற்றம். ஆமாம் என்றால் பயம். ஏமாற்றத்துக்கும் பயத்துக்கும் நடுவில் எந்த வேலையும் காலி இருந்ததாகத் தெரியவில்லை.

ஒரு இடத்தில் கேட்டார்கள்:

“கடைசியா எந்தக் கம்பெனியில இருந்தீங்க?”

“பி கம்பெனி சார்.”

“அது எங்க இருக்கு?”

“ஏ கம்பெனிக்குப் பக்கத்துல சார்.”

அவன் சொன்னது பட்டாளத்துப் படைப்பிரிவை. இதைச் சாயங்காலம் கேட்ட மாமா, இருமல் வரும்வரை சிரித்தார். இருமல் வந்த பிறகும் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மாப்ள, உங்களுக்கு வேலை தெரியும். பாஷைதான் தெரியல. அந்தப் பாஷைய வச்சுத்தான் நான் ஆயுசு பூரா ஆபீஸ்ல சம்பளம் வாங்கினேன். வாங்க, உக்காருங்க,” என்றார்.

அன்றிலிருந்து சாப்பாட்டு மேசை ஆபீஸ் ஆகிவிட்டது. மாமா மூக்கு நுனியில் கண்ணாடியை இறக்கிக்கொண்டு அதிகாரியாக உட்காருவார். அத்தைதான் ப்யூன். சமையலறையிலிருந்தே, “அடுத்தது யாரு? வரச் சொல்லு,” என்று யாரும் இல்லாத வரிசையைப் பார்த்துக் குரல் கொடுப்பாள். மாப்பிள்ளை உள்ளே வந்து விறைப்பாக நிற்பான்.

“அங்க என்னய்யா வேலை பாத்தீங்க?”

“மலை மேல சாக்ஸ் அனுப்பினேன்.”

“‘கடினமான சூழலில் பொருள் விநியோக ஒருங்கிணைப்பு.’” மாமா எழுதிக்கொள்வார். “அப்புறம்?”

“முகாம்ல குழி வெட்டினேன்.”

“‘நிலத்தடிக் கட்டமைப்பு.’”

“மாமா, அது கக்கூஸ் குழி.”

“அப்ப ‘சுகாதாரம்’னும் சேத்துக்கறேன். சரி, இன்னைக்கு ஏன் லேட்டு?”

“தப்பு என்னோடது சார்.”

மாமா பேனாவை மேசையில் போட்டுவிடுவார். எப்போதும் இந்த இடத்தில்தான் ஆபீஸ் கலையும்.

“காரணத்தச் சொல்லுங்க மாப்ள! இங்க காரணம் இல்லாம ஒரு மனுஷன் ஒரு நாள் ஓட்ட முடியாது. நான் லீவுக்காக எங்க அண்ணன மட்டும் நாலு தடவ கொன்னிருக்கேன். அதுல ஒரு தடவ மேட்ச் பாக்கறதுக்கு. கடைசியில என் ரிட்டயர்மென்ட் பார்ட்டிக்கு அந்த மனுஷன் சட்டைய மாட்டிக்கிட்டு நேர்ல வந்துட்டாரு. எங்க ஆபீசர் கை குடுத்து, ‘நல்லாருக்கீங்களா?’ன்னு கேட்டாரு. வேற ஒண்ணும் கேக்கல. பெரிய மனுஷன்.”

“எனக்குப் பொய் வராது மாமா.”

“பொய்ய விடுங்க. நிஜமான காரணத்தையாவது சொல்லித் தொலைங்கய்யா! நிஜத்தச் சொன்னா என்ன, நாக்கு அழுகிருமா?”

இன்றைக்கு நாலு மணிக்கு இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்த மருந்து மொத்த வியாபாரக் கம்பெனியில் குடோன் பார்த்துக்கொள்ள ஆள் தேவை என்று பேப்பரில் பார்த்துச் சொன்னது மாமாதான். கேட் அல்ல, உள்ளே. பதினேழு வருடம் அவன் செய்த அதே வேலை, பனி மட்டும் இல்லை. இத்தனை வருடத்தில் அப்படி ஓர் இடத்திலிருந்து அவனைக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. வயதும் நாற்பதைத் தாண்டிவிட்டது. இன்னொரு தடவை கூப்பிடுவார்கள் என்பதற்கு எந்த அறிகுறியும் இல்லை.

சமையலறையில் மனைவியின் போன் அடித்தது. மச்சான். அவள் விஷயத்தைச் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது, போனை மாப்பிள்ளையிடம் நீட்டினாள்.

“மாப்ள, என்ன மாப்ள இது? அப்பாவை நடு வீட்டுல போட்டுட்டு இன்டர்வியூவா? நாலு பேரு என்ன பேசுவாங்க? வீட்டோட மாப்பிள்ளைன்னு ஏற்கனவே வாய்க்கு வந்தத பேசறாங்க.”

“சரி மச்சான்,” என்றான்.

“என்ன சரி? போறீங்களா, இருக்கீங்களா?”

“சரி மச்சான்.”

மனைவி போனைப் பிடுங்கிக்கொண்டு, “அண்ணா, நீ பத்திரமா வா,” என்று சொல்லி வைத்தாள். பிறகு அவனைப் பார்க்காமல் சொன்னாள்: “என் மூஞ்சியப் பாக்காதீங்க. என்னால போங்கன்னும் சொல்ல முடியல, இருங்கன்னும் சொல்ல முடியல.”

அத்தை தண்ணீர் குடிக்க வந்தவள்போல் உள்ளே வந்து நின்றாள். காலையிலிருந்து அவள் பேசவில்லை. ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்தவள், யார் வந்து கையைப் பிடித்தாலும் தலையை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். டம்ளரை எடுத்தாள், தண்ணீர் பிடிக்காமலே வைத்தாள்.

“மாப்பிள்ளை, நேரமாச்சு.”

“அத்தை, இப்ப எப்படி…”

“இவரு எங்கயும் போயிட மாட்டாரு. காலை வரைக்கும் இங்கதான் இருப்பாரு. நீங்க போயிட்டு வந்துருங்க.” வாசல்வரை போனவள் திரும்பினாள். “இந்தச் சட்டை வேணாம். ஆஸ்பத்திரி வாடை அடிக்குது.”

அந்த வீட்டுக்குப் பின்வாசல் கிடையாது. இஸ்திரி போட்ட சட்டையோடு, ஹாலில் போட்டிருந்த நாற்காலி வரிசை முழுவதையும் கடந்துதான் வெளியே போக வேண்டியிருந்தது. முதல் நாற்காலியில், நாலு தடவை செத்த அந்த அண்ணன், பெரிய மாமா, வெகு ஆரோக்கியமாக உட்கார்ந்திருந்தார். “மாப்பிள்ளை, எங்க கிளம்பிட்டீங்க?” என்றார். மாப்பிள்ளையின் வாய் திறந்தது. ‘தப்பு என்னோடது’ என்று சொல்லிவிடப் போகிறோமே என்ற பயத்தில் மூடிக்கொண்டான். ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கி ஓடினான்.

பஸ் பாதி வழியில் நெரிசலில் நின்றுவிட்டது. இறங்கி நடந்தான், பிறகு ஓடினான். கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தபோது நாலு மணி எப்போதோ போயிருந்தது. பெரிய தகரக் கூரை. உள்ளே அட்டைப் பெட்டிகளுக்கு டேப் ஒட்டுகிற கிறீச் சத்தம். யாரோ ஒருவர் தள்ளுவண்டியை எதிலோ இடித்துவிட்டுச் சுவரைத் திட்டிக்கொண்டிருந்தார். கேட்டிலிருந்த காவலாளி, இவன் நின்ற நிற்பைப் பார்த்தே, “எந்த ரெஜிமென்ட்?” என்று கேட்டார். சொன்னதும் கேட்டைத் திறந்துவிட்டு, “சீக்கிரம் போங்க. மேனேஜரம்மா கிளம்பப் போறாங்க,” என்றார்.

மேனேஜரம்மா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் நின்றிருந்தார். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. சளி பிடித்த மூக்கு, சலித்த கண்கள். அவனைப் பார்த்ததும் பையைக் கழற்றாமலே உட்கார்ந்தார்.

“உக்காருங்க.”

நின்றான். இன்னொரு தடவை சொன்ன பிறகு உட்கார்ந்தான்.

“மத்தவங்க எல்லாம் வந்துட்டுப் போயாச்சு. ஏன் இவ்வளவு லேட்டு?”

“மன்னிக்கணும் மேடம். தப்பு என்னோடது.”

“அது சரி. ஏன் லேட்டு?”

“தப்பு என்னோடது மேடம்.”

“அதத்தான் சொல்லிட்டீங்களே. தப்பு யாரோடதுன்னு நான் கேக்கல. காரணம் கேட்டேன்.”

மாப்பிள்ளை மேசை விளிம்பைப் பார்த்தான். காரணம் இருந்தது. இதைவிடப் பெரிய காரணம் ஒரு மனிதனுக்குக் கிடைக்காது. ஆனால் மாமாவைத் தூக்கி ஒரு லீவு லெட்டர் மாதிரி இந்த மேசையில் வைப்பதா? எழுந்து போய்விடலாம் என்று கால்கள் முடிவு செய்துவிட்டன. கால்களுக்கு முன்னால் வாய் முந்திக்கொண்டது.

“எங்க மாமனார் இறந்துட்டாரு மேடம். இன்னைக்குக் காலைல.”

சொன்ன பிறகுதான் அது அவன் காதில் விழுந்தது. பகல் முழுவதும் இதை அவன் வாயால் ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை.

மேனேஜரம்மா கண்ணாடியைக் கழற்றி மூக்கின் இரு பக்கமும் தேய்த்துக்கொண்டார். “இந்த வாரம் எங்க குடோன்ல மட்டும் ரெண்டு பாட்டி, ஒரு சித்தப்பா போயிட்டாங்க. அதுல ஒரு பாட்டி போன வருஷமே போனவங்க. நீங்க வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிட்டீங்க.”

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு காரணம் சொல்லியிருக்கிறான். அதுவும் சுத்தமான, பச்சை உண்மை. அது போய் ஊரிலேயே பழைய பொய்யின் மேல் விழுந்திருக்கிறது. இதை மட்டும் மாமாவிடம் சொன்னால் மனிதர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க மாட்டார், தரையில்தான் கிடப்பார். அடக்கப் பார்த்தான், முடியவில்லை. தோள் குலுங்கியது. மேனேஜரம்மா கோபமாக ஏதோ சொல்ல வாயெடுத்து, அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சிரிப்பு எங்கோ பாதியில் வேறொன்றாகிவிட்டிருந்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை. கையால் முகத்தைத் துடைத்தபோது ஈரமாக இருந்ததைப் பார்த்து அவனே ஆச்சரியப்பட்டான்.

அவர் தண்ணீர் பாட்டிலை அவன் பக்கம் நகர்த்தினார். தோளிலிருந்து பையைக் கழற்றிக் கீழே வைத்தார்.

“நிஜமாவா?”

“ஆமா மேடம்.”

“அப்ப எதுக்கு வந்தீங்க?”

“அத்தை அனுப்பினாங்க மேடம். அவரு எங்கயும் போயிட மாட்டாருன்னு சொன்னாங்க.”

 மேனேஜரம்மா முன்னால் இருந்த அவன் விண்ணப்பத் தாளை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். “‘கடினமான சூழலில் பொருள் விநியோக ஒருங்கிணைப்பு.’ இப்படின்னா என்ன?”

“மலை மேல சாக்ஸ் அனுப்பறது மேடம்.”

“அத அப்படியே எழுத வேண்டியதுதானே?”

“மாமாதான் எழுதினாரு. எனக்கு இந்தப் பாஷை வராதுன்னு.”

“‘நிலத்தடிக் கட்டமைப்பு, சுகாதாரம்’?”

அதையும் சொன்னான். மேனேஜரம்மா சிரித்ததில் தும்மல் வந்துவிட்டது. பிறகு சாக்ஸைப் பற்றிக் கேட்டார். மாமாவின் பாஷையில் அதற்குப் பதில் தயாராக இருந்தது. அத்தையைப் ப்யூனாக வைத்துக்கொண்டு பல நாள் மனப்பாடம் செய்தது. அதில் ஒரு வரி நினைவுக்கு வரவில்லை. தெரிந்த பாஷையிலேயே சொன்னான். ஈர சாக்ஸ் ஒருவனின் விரலை எடுத்துவிடும். அதனால் அரிசி மூட்டை நனைந்தாலும் பரவாயில்லை, சாக்ஸ் மூட்டை நனையக் கூடாது என்று அதை எப்போதும் வண்டியின் நடுவில் வைப்பார்கள். பழைய மருந்து முன்னால், புது மருந்து பின்னால். ஒரு தடவை வண்டி ஏற முடியாமல் முதுகில் சுமந்துகொண்டு போனது. போய்ச் சேர்ந்தபோது வாங்கிக்கொள்ள வேண்டியவர்களில் ஒருவன் இல்லாமல் போயிருந்தான். அவன் அளவு சாக்ஸை என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பக் கீழே கொண்டுவந்தது. இதையெல்லாம் ஏன் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றியபோது நிறுத்தினான்.

மேனேஜரம்மா தாளை மடித்தார், பிரித்தார்.

“ஒளிக்காம சொல்லிடறேன். இந்த வேலைக்கு முதலாளி வேற ஒருத்தர மனசுல வச்சிருக்காரு. சின்ன வயசு, கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆள். ஆனா எங்களுக்கு கேட்டுக்கு ஒரு ஆள் வேணும். உங்கள மாதிரி ஆள்னா நாளைக்கே…” நாக்கைக் கடித்துக்கொண்டார். “நாளைக்கு இல்ல, எப்ப முடியுமோ அப்ப வந்து சேரலாம்.”

சரி மேடம் என்று சொல்வதுதான் வழக்கம். சொல்லி, போய் நின்று, அதற்கும் ஒரு சல்யூட் அடிப்பதுதான் வழக்கம்.

“வேணாம் மேடம்.”

“ஏன்?”

கேட்டுவிட்டார். இந்தக் கேள்விக்கு அவனிடம் ஒரே ஒரு பதில்தான் எப்போதும் இருந்தது. அது இங்கே பொருந்தவில்லை. இதில் அவன் தப்பு ஒன்றும் இல்லை.

“நான் உள்ள வேலை செஞ்ச ஆளு மேடம். ஒரு சாமான் யாருக்குப் போகணும், எப்பப் போகணும், போகலன்னா அந்த ஆளுக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். வெளிய நின்னு யாரு வர்றாங்க, யாரு போறாங்கன்னு பாக்க எனக்கு வராது. பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப் போச்சு. கம்ப்யூட்டர் கத்துக்கறேன். கேட் மட்டும் வேணாம்.”

அவன் இதுவரை சொன்னதிலேயே மிக நீளமான காரணம் அது. 

“அடுத்த வாரம் முதலாளி வர்றாரு. பேசிப் பாக்கறேன். நிச்சயமா ஆகும்னு நெனச்சுக்காதீங்க.” பையை மறுபடி தோளில் மாட்டிக்கொண்டார். “எப்ப எடுக்கறீங்க?”

“காலைல மேடம்.”

“அப்ப இங்க ஏன் உக்காந்திருக்கீங்க? கிளம்புங்க.”

விறைப்பாக எழுந்தான். எதற்கோ தூக்கிய வலது கையைப் பாதியில் நிறுத்தி, தலையைக் கோதிக்கொண்டு வெளியே வந்தான்.

வீட்டுத் தெருவில் விளக்கு போட்டிருந்தார்கள். நாற்காலிகள் நிரம்பியிருந்தன. மருந்துக்கடைக்காரர் கடையைப் பாதி ஷட்டர் இறக்கி வைத்துவிட்டு எல்லாருக்கும் டீ ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை படியேறி உள்ளே நுழைந்ததும் ஹாலில் ஒரு கணம் பேச்சு நின்றது. அவன் சட்டையின் இஸ்திரி மடிப்பை எல்லாரும் ஒரு பார்வை பார்த்தார்கள். இந்நேரத்துக்குள் நாலு பேர் நாலு விதமாகப் பேசி முடித்திருப்பார்கள் என்பது தெரிந்தது. அறை வாசலில் நின்ற மனைவியின் முகத்திலும் அது தெரிந்தது.

“என்ன மாப்பிள்ளை,” என்றார் பெரிய மாமா, குரலை உயர்த்தி. “நடு வீட்டுல மனுஷன் கிடக்கான். அந்தப் பொம்பள தனியா உக்காந்திருக்கு. நீங்க பாட்டுக்குச் சட்டைய மாத்திட்டுப் போயிட்டீங்க. எங்க போனீங்க?”

அத்தை நிமிரவில்லை. ஆனால் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்த அவள் விரல் நின்றது.

“ஆஸ்பத்திரிக்குப் பெரிய மாமா,” என்றான் மாப்பிள்ளை. “சர்டிபிகேட்ல மாமா பேர்ல ஒரு எழுத்து தப்பா போட்டுட்டாங்க. அப்படியே விட்டா நாளைக்கு அங்க எடுத்துட்டுப் போனதும் தகராறு பண்ணுவாங்க. மாத்தப் போனேன்.”

“அதுக்கு இவ்வளவு நேரமா?”

“சீல் வைக்கிற ஆளு டீ குடிக்கப் போயிட்டான். சாவிய வேற கையோட எடுத்துட்டுப் போயிட்டான்.”

எங்கிருந்து வந்தது அந்தச் சாவி? அவனுக்கே தெரியவில்லை. யாரும் கேட்காத சாவி.

“ஆங், அவனுங்க அப்படித்தான்,” என்றார் பெரிய மாமா, முழுத் திருப்தியோடு. பக்கத்து நாற்காலிக்காரரிடம் திரும்பி, தனக்கு நேர்ந்த இதே போன்ற ஓர் அனுபவத்தைச் சொல்ல ஆரம்பித்தார். ஹாலில் பேச்சு மறுபடி கிளம்பியது.

அறை வாசலில் மனைவி வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். பார்த்தவர்கள் அழுகிறாள் என்று நினைத்து அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். அழவும்தான் செய்தாள்.

மாப்பிள்ளை ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றான். அத்தை எதுவும் கேட்கவில்லை. முழங்காலை மடக்கி, கொஞ்சம் நகர்ந்து, பாயில் இடம் விட்டாள். அவன் உட்கார்ந்தான். அவன் இருந்த பக்கம் பெட்டியின் கண்ணாடியில் ஈரம் பூத்து உள்ளே ஒன்றும் தெரியவில்லை. அத்தை உள்ளங்கையால் அவன் பக்கத்துக் கண்ணாடியைத் துடைத்துவிட்டாள்.